கேமராவிலிருந்து புதுப் படங்களை மட்டும் இறக்க எந்த வழி நல்லது?

கார்டில் 1,400 படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,150 போன மாதமே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. மிச்சம் 250-ஐ எடுத்தால் போதும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். செய்யப் போனால் இரண்டில் ஒன்று நடக்கிறது. மொத்தத்தையும் மறுபடி காப்பி செய்துவிட்டு, ஒரே படம் மூன்று ஃபோல்டரில் கிடப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். அல்லது பத்துப் பதினைந்து புதுப் படங்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகின்றன. கார்டை அழித்த பிறகுதான் அது தெரியவருகிறது.

முதலாவது வெறும் எரிச்சல். இரண்டாவது திரும்பக் கிடைக்காத இழப்பு. நான் வழிகளை எடைபோடுவது முழுக்க அந்த இரண்டாவதை நினைத்துத்தான். டிஸ்க்கில் இடம் போதாத கவலை முதன்மையாக இருப்பவருக்கு வேறு வரிசை சரியாக இருக்கலாம்.

வழிகள் ஏராளம். ஆனால் எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே: ‘இந்தப் படம் ஏற்கெனவே வந்துவிட்டது’ என்பது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? ஒரு கிடங்கில் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். இருப்புக் கணக்கு, இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். வரவுப் பதிவேடு, இதுவரை என்னென்ன உள்ளே வந்தது என்று சொல்லும். வந்த சரக்கு பிறகு வெளியே போயிருந்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். புதுப் படத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் சில இருப்பைப் பார்க்கின்றன, சில வரவைப் பார்க்கின்றன. விளம்பரத்தில் எல்லாமே ‘புதியவை மட்டும்’ என்றுதான் இருக்கும். மங்கலான படங்களைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் வித்தியாசம் அடுத்த முறையே தெரிந்துவிடும். இருப்பைப் பார்க்கும் மென்பொருள், நீங்கள் கழித்துக்கட்டியதை எல்லாம் புதுசு என்று மறுபடி கொண்டுவந்து போடும்.

பெயரை எவ்வளவு நம்பலாம்

பெரும்பாலான வழிகள் கடைசியில் ஃபைல் பெயரில் வந்து நிற்கும். அதனால் அந்தப் பெயர் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டிஜிட்டல் கேமராக்கள் டிசிஎஃப் என்ற தரநிலையைப் பின்பற்றுகின்றன. 1998-இல் ஜப்பானில் உருவானது. கார்டில் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 100 முதல் 999 வரை எண்ணில் தொடங்கும் துணை ஃபோல்டர்கள். அவற்றுக்குள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயர்கள். இலக்கம் 0001-இல் தொடங்கி 9999 வரை போகும். அப்புறம்? மறுபடி 0001.

ஆக, பத்தாயிரமாவது படம் எடுக்கும் நாளில் உங்களிடம் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படங்கள் உண்டு. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியில் விளையாடுகிறவர்களுக்கு அந்த நாள் சில மாதங்களிலேயே வந்துவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு கேமரா வைத்திருந்தால் முதல் நாளிலேயே வரும். இதைவிட மோசம், எண்ணிடும் முறை ‘ரீசெட்’ என்று வைக்கப்பட்டிருப்பது. அப்போது ஒவ்வொரு முறை கார்டை ஃபார்மேட் செய்யும்போதும் எண் 0001-க்குத் திரும்பிவிடும். நான் வாங்கிய ஒரு பழைய கேமராவில் அப்படித்தான் இருந்தது. ‘பெயர் இருந்தால் தவிர்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காப்பி செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது கார்டில் ஒரு முழு மாலைப் பொழுதும் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தாண்டப்பட்டுவிட்டது. கார்டை அழிப்பதற்கு முன் எண்ணிக்கை இடித்ததால் தப்பித்தேன். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, கேமரா மெனுவில் எண்ணிடும் முறையைத் ‘தொடர்ச்சி’ என்று மாற்றிவிட்டு வாருங்கள்.

தேதி? அதுவும் அவ்வளவு நம்பகமில்லை. கேமராவின் கடிகாரம் நாம் வைத்ததுதான். பேட்டரியைக் கழற்றி நீண்ட நாள் வைத்திருந்தால் பல கேமராக்களில் அது தொடக்கத் தேதிக்குப் போய்விடும். ‘கடைசியாகக் காப்பி செய்த நாளுக்குப் பிறகு எடுத்தவை’ என்று கேட்டால் அப்படிப்பட்ட படங்கள் வலையில் சிக்காது.

கையால் இழுத்துப் போடுவது

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. கார்டு ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கி, கம்ப்யூட்டரில் கடைசியாக இருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து ஷிஃப்ட் அழுத்தித் தேர்ந்தெடுத்து இழுத்தால் வேலை முடிந்தது. இங்கே வரவுப் பதிவேடு உங்கள் மூளை. மாதத்துக்கு ஒரு முறை, ஒரு கேமரா, ஒரு கார்டு என்றால் இதுவே போதும்.

எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டு மோதல் வந்தால் பார்த்துக்கொள்வது இன்னொரு பாணி. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் ஒரே பெயருள்ள ஃபோல்டர்களை ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே பெயருள்ள ஃபைல்களுக்கு மட்டும் மாற்றவா, தவிர்க்கவா என்று கேட்கும். ‘தவிர்’ என்பதை உடனே அழுத்த வேண்டாம். ஒவ்வொன்றாக முடிவு செய்யும் திரையைத் திறந்தால், அடியில் ‘தேதியும் அளவும் ஒன்றாக உள்ளவற்றைத் தவிர்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்த பின் மிச்சம் நிற்பவைதான் உண்மையான மோதல்கள்: பெயர் ஒன்று, படம் வேறு. பலர் இந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை.

மேக்கில் இதே பழக்கத்தோடு போகாதீர்கள். ஃபைண்டரில் ஃபோல்டருக்கு ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் அது கலக்காது. பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். கார்டில் இப்போது இல்லாத, கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த படங்கள் அதோடு போய்விடும்.

ஃபோல்டரை ஒப்பிடும் கருவிகள்

அடுத்த படி, இந்த ஒப்பிடலை ஒரு கருவியிடம் கொடுப்பது. விண்டோஸில் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை கூடவே வருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஆர்சிங்க். கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க்.

ரோபோகாப்பியை வெறுமனே ஓட்டினால் பெயர், அளவு, நேரம் மூன்றும் ஒத்துப்போகும் ஃபைலைத் தொடாது. ஒன்று மாறினாலும் கார்டில் இருப்பதைக் கொண்டுவந்து மேலே எழுதும். இங்கேதான் கண்ணி. படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பியோ வெட்டியோ அதே பெயரில் சேமித்திருந்தால், உங்கள் வேலை போய் மூலப் படம் வந்து உட்காரும். அதைத் தடுக்க எக்ஸ்சி, எக்ஸ்என், எக்ஸ்ஓ என்ற மூன்று சுவிட்ச்சுகளையும் (கட்டளையோடு எழுதும் விருப்பக் குறிகள்) சேர்க்க வேண்டும். அப்போது அந்தப் பெயர் இலக்கில், அதாவது படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டரில், இருந்தாலே தாண்டிவிடும். ஆர்சிங்கில் இதற்கு ‘இக்னோர் எக்ஸிஸ்டிங்’ என்ற ஒரே விருப்பம் போதும். ஆனால் கேபிள் கழன்று பாதியில் நின்ற ஃபைலும் ஒரு பெயர்தானே? ‘இருந்தால் தாண்டு’ என்று சொல்லப்பட்ட கருவிக்கு அதுவும் முழுப் படமாகத்தான் தெரியும். இந்த விஷயத்தில் ஆர்சிங்க் ஒரு படி மேல். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்த பிறகுதான் உண்மைப் பெயரைக் கொடுக்கும்.

இன்னொரு தலைவலி நேரம். 32 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் 32 என்ற ஃபைல் அமைப்பு, ஃபைலின் நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில்தான் வைக்கும். அதுவும் உள்ளூர் நேரமாக. விண்டோஸ் டிஸ்க்குகளில் இருக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு உலகப் பொது நேரமாக, மிக நுணுக்கமாக வைக்கும். லேப்டாப்போடு வேறு நேர மண்டலத்துக்குப் போய் வந்தால், அல்லது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளும் ஊரில் இருந்தால், ஒரே நாளில் எல்லாப் படங்களும் ‘மாறிவிட்டன’ என்று கருவி சொல்லும். ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி, டிஎஸ்டி என்ற சுவிட்ச்சுகளும், ஆர்சிங்கில் ‘மாடிஃபை விண்டோ’ விருப்பமும் இதற்காகவே இருக்கின்றன. ஃப்ரீஃபைல்சிங்கில் எத்தனை மணி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று ஒரு கட்டமே இருக்கிறது.

‘மிரர்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள். கார்டில் இல்லாததை இலக்கிலும் அழிப்பதுதான் அதன் வேலை. காலிக் கார்டைச் செருகி மிரர் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃப்ரீஃபைல்சிங்கில் ‘அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கருவிகள் எல்லாம் இருப்பைப் பார்ப்பவைதான். இலக்கு ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தாலோ, பெயர் மாற்றினாலோ, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ அடுத்த முறை அது திரும்ப வரும். இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு: இலக்கு ஃபோல்டரைத் தொடாமல் விடுவது. ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர், அதில் கார்டு அப்படியே. அதிலிருந்து வேலைக்கான ஃபோல்டருக்கு எடுத்துப் போய் அங்கே வெட்டலாம், கொத்தலாம், அழிக்கலாம். இருப்புக் கணக்கையே வரவுப் பதிவேடாக மாற்றும் தந்திரம் இது. விலை, இரண்டு மடங்கு இடம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி; 250 படத்துக்கு ஏழு ஜிபி கூடுதலாகப் போகும். எனக்கு அது பெரிய விலையாகத் தெரியவில்லை, தானாக ஒரு மூலப் பிரதி வேறு கிடைக்கிறது.

இறக்குவதற்கென்றே உள்ள மென்பொருள்கள்

இங்கேதான் இருப்பு, வரவு வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேக்கின் போட்டோஸ் செயலி, கார்டைச் செருகியதும் ஏற்கெனவே வந்தவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டி, புதியவை அனைத்தையும் இறக்க ஒரு பட்டனும் வைத்திருக்கிறது. தன் நூலகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. படங்களை அந்தச் செயலிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

படங்களை நிர்வகித்துத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக்கில் ‘சந்தேகத்துக்குரிய இரட்டைகளை இறக்காதே’ என்று ஒரு விருப்பம். மூலப் பெயர், படம் எடுத்த நேரம், ஃபைல் அளவு மூன்றையும் கேட்டலாகில், அதாவது அது வைத்திருக்கும் படப் பட்டியலில், உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது. மூலப் பெயரைத் தனியாக நினைவில் வைத்திருப்பதால், இறக்கும்போதே பெயரை மாற்றினாலும் குழம்பாது. 9999-க்குப் பிறகு வரும் இரண்டாவது 0001-ஐயும், எடுத்த நேரம் வேறு என்பதால் சரியாகப் பிரித்துவிடும். ஆனால் பார்ப்பது கேட்டலாகை. கேட்டலாகிலிருந்து நீக்கிய படம் மறுபடி புதுசு. தாராளமாக எடுத்துத் தாராளமாகக் கழிப்பவர்களுக்கு இது அலுப்பூட்டும்.

டிஜிகேம் வேறு மாதிரி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தன் தரவுத்தளத்தில் இறக்கிய வரலாறு என்று தனி அட்டவணையே வைத்திருக்கிறது: பெயர், அளவு, தேதி. ஒரு முறை வந்த படத்தை நீங்கள் பிறகு அழித்தாலும் நகர்த்தினாலும் அது வந்தது வந்ததுதான். லினக்ஸில் ரேப்பிட் போட்டோ டவுன்லோடரும் இதே இனம். இது படங்களை நிர்வகிக்க முயலாது, இறக்குவதோடு ஒதுங்கிக்கொள்ளும்; தேதி வாரி ஃபோல்டர், பெயர் மாற்றம், இரண்டாவது டிஸ்க்கில் கூடவே ஒரு பிரதி எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடியும். வரவுப் பதிவேடு என்ற அளவில் இந்த இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை.

கேமரா கம்பெனிகளே தரும் மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. நிக்கான் டிரான்ஸ்ஃபர் 2-இல் ‘புதிய ஃபைல்களை மட்டும்’ என்ற விருப்பம் இருக்கிறது. ஒரே கம்பெனியோடு காலம் தள்ளுபவருக்குச் சரி.

கார்டே நினைவில் வைத்துக்கொண்டால்?

பழைய தந்திரம் ஒன்று. ஃபேட் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஆர்க்கைவ்’ என்று ஒரு கொடி உண்டு. எக்ஸ்காப்பி, ரோபோகாப்பி இரண்டிலும் எம் சுவிட்ச் போட்டால் கொடி ஏற்றப்பட்டவற்றை மட்டும் காப்பி செய்து, கொடியை இறக்கிவிடும். அடுத்த முறை புதியவற்றில் மட்டுமே கொடி. இலக்கில் எதை மாற்றினாலும் கவலையில்லை, எந்தத் தரவுத்தளமும் வேண்டாம். அழகான யோசனைதான். ஆனால் கேமரா அந்தக் கொடியை ஏற்றினால்தான் உண்டு, கம்ப்யூட்டர் கார்டில் எழுத வேண்டியிருக்கிறது, எஸ்டி கார்டின் பூட்டைப் போட்டுவிட்டால் வேலை செய்யாது. கார்டில் கேமரா மட்டும் எழுதட்டும் என்று நினைப்பவன் நான், பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில் ஜிபோட்டோ2 கருவிக்கு ‘நியூ’ என்ற விருப்பம் உண்டு. கேமரா ஒத்துழைத்தால் கேபிள் வழியாகவே புதியதை மட்டும் எடுக்கும்.

கேபிள் என்றதும் ஒன்று. பல கேமராக்களை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் அவை டிஸ்க்காகத் தெரியாது. பிடிபி அல்லது எம்டிபி என்ற முறையில் பேசும். டிரைவ் எழுத்து இல்லாததால் ரோபோகாப்பி அங்கே எடுபடாது. கார்டு ரீடரில் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை, கேமரா பேட்டரியும் மிச்சம். மேலே சொன்ன ஃபோல்டர் கருவிகள் எல்லாவற்றுக்கும் ரீடர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டேன்.

உள்ளடக்கத்தையே ஒப்பிடுவது, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற ஓர் எண்) கணக்கிடுவது, எல்லாவற்றிலும் துல்லியமானது. பெயரும் தேதியும் எப்படிக் கிடந்தாலும் ஏமாறாது. ஆனால் கார்டு முழுவதையும் படித்தாக வேண்டும். நொடிக்கு 90 எம்பி வேகத்தில் 64 ஜிபிக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு முறையும் இதற்காக உட்கார முடியாது. ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் பழைய சேகரிப்பை ஒரு முறை சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஒரு நட்சத்திர மதிப்பீடு எழுதினால்கூட ஜேபெக்கின் உள்ளடக்கம் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வியையே இல்லாமல் செய்வது

ஒவ்வொரு முறையும் கார்டை முழுதாகக் காப்பி செய்து, இரண்டு இடத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டால் அடுத்த முறை கார்டில் இருப்பதெல்லாம் புதுசுதான். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஒப்பிடும் வேலையே கிடையாது. ஆனால் காப்பியில் ஏதாவது தவறினால் திரும்பிப் பார்க்கக் கார்டு இருக்காது.

இங்கே பலர் விழும் குழி வீடியோ. டிசிஐஎம்-ஐ மட்டும் காப்பி செய்துவிட்டு ஃபார்மேட் கொடுத்துவிடுவார்கள். ஏவிசிஎச்டி வடிவ வீடியோக்களும், சோனி கேமராக்களின் எக்ஸ்ஏவிசி எஸ் வீடியோக்களும் டிசிஐஎம்-க்குள் இருப்பதில்லை. ‘பிரைவேட்’ என்ற பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். கார்டின் மேல் மட்டத்திலிருந்து எல்லாவற்றையும் எடுங்கள்.

நான் செய்வது இரண்டும் கலந்தது. கார்டு முழுவதையும் ஆர்சிங்க் கொண்டு வரவு ஃபோல்டருக்குள், கேமராவுக்கு ஒரு துணை ஃபோல்டர் என்று தனித்தனியாக. அழிப்பதும் பெயர் மாற்றுவதும் வேறு ஃபோல்டரில். கார்டு நிரம்பும் வரை ஃபார்மேட் செய்வதில்லை. நிரம்பியதும் எண்ணிக்கையைச் சரிபார்த்து, காப்புப் பிரதி ஓடியபின் செய்கிறேன். ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் ஒரு புது வரவுத் துணை ஃபோல்டர் தொடங்குவதால் 0001 மறுபடி வந்தாலும் பழையதோடு மோதாது. கட்டளை எழுத விரும்பாத நண்பர்களுக்கு டிஜிகேமைச் சொல்கிறேன். ஏற்கெனவே லைட்ரூமில் குடியிருப்பவர்களிடம், நீக்குவதற்குப் பதிலாக ‘ரிஜெக்ட்’ என்று குறித்து வையுங்கள், கார்டை ஃபார்மேட் செய்த பிறகு மொத்தமாக நீக்குங்கள் என்று சொல்வேன். திரும்பி வரும் தொல்லை நின்றுவிடும்.

ஒரே கார்டை இரண்டு கம்ப்யூட்டரில் மாறி மாறிச் செருகுபவர்களுக்கு மட்டும் இந்தப் பரிந்துரை மாறும். மென்பொருளின் பதிவேடு அது நிறுவப்பட்ட கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது; லேப்டாப்பில் இறக்கியது மேசைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று எல்லாப் படங்களும் புதுப் படங்கள் ஆகிவிடுவதும் இதனால்தான். அப்படிப்பட்டவர்கள் வரவு ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்கில் வைத்து, எந்தக் கம்ப்யூட்டரில் கார்டைச் செருகினாலும் அந்த டிஸ்க்கையும் சேர்த்தே செருக வேண்டியதுதான்.